ஒரு நம்பர், பத்து எஸ்எம்எஸ்: பைத்தானில் டைப்பை யார் பார்க்கிறார்கள்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். கோடை வாசித்துக் காட்டிய இடங்களை இங்கே வார்த்தையாகவே சொல்லியிருக்கிறேன்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "பைத்தான்ல டைப் எழுதி என்ன புண்ணியம்? ஓடும்போது அதை யாரும் பாக்கிறதே இல்லையே?" நியாயமான கேள்விதான். நேரா பதில் சொல்றதுக்கு முன்னாடி, நான் எழுதின ஒரு கோடைப் பத்திச் சொல்றேன். அதில் டைப் எழுதியிருந்தேன். மைபை ஓட்டிப் பார்த்தேன், ஒரு தப்பும் காட்டவில்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்படியும் ஒரு பெரியவர் விடியற்காலை ரெண்டு பஸ் மாறி வந்து, மதியம் வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. டயாலிசிஸ் சென்டர்களுக்கான அப்பாயின்ட்மென்ட் மென்பொருளில் இருந்தேன். ஷிஃப்ட் நேரம் மாறினால் நோயாளிக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் எஸ்எம்எஸ் போகணும். அதை அனுப்புற ஃபங்ஷன் என்னுடையது. முதல் ஆர்கியுமென்ட் ஃபோன் நம்பர்கள், ரெண்டாவது செய்தி. நம்பர்களின் டைப் என்னன்னா, இட்டரபிள் ஆஃப் ஸ்ட்ரிங். அதாவது, ஒவ்வொண்ணா எடுத்தால் ஸ்ட்ரிங் வரக்கூடிய எதை வேணும்னாலும் கொடுக்கலாம். லிஸ்ட், டூப்பிள், செட், எதுவா இருந்தாலும் சரி. "வாங்கும்போது தாராளமா வாங்கு, கொடுக்கும்போது துல்லியமா கொடு" என்று எல்லா டைப் பாடத்திலும் சொல்லிக் கொடுப்பார்கள் இல்லையா, அதைத்தான் செய்தேன்.

நம்பர்கள் வேற ஒரு டீமின் சர்வீஸில் இருந்து ஜேசானாக வந்தது. ஒரு நோயாளிக்கு ரெண்டு மூணு நம்பர் இருந்தால் லிஸ்டாக அனுப்புவார்கள். ஒரே ஒரு நம்பர்தான் என்றால், லிஸ்ட் இல்லாமல் வெறும் ஸ்ட்ரிங்காக அனுப்பிவிடுவார்கள். யாரும் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஸ்ட்ரிங்கை ஃபார் லூப்பில் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு எழுத்தாக வரும். பத்து இலக்க நம்பர் பத்துத் துண்டாகிவிடும். "9" என்ற நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ், "8" என்ற நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ், இப்படியே பத்து. கேட்வே ஒவ்வொன்றையும் "தவறான எண்" என்று திருப்பி அனுப்பும். நாங்கள் அதை லாகில் ஒரு வார்னிங்காக எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். லாக் பூரா வார்னிங் இருந்தது, யாரும் படிக்கவில்லை. என் டெஸ்டிலோ எல்லா நோயாளிக்கும் ரெண்டு நம்பர்.

காலை 6 மணி ஷிஃப்ட் மதியம் 1 மணிக்கு மாறிய ஒரு நாள், சென்டரில் இருந்து சிஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, மெசேஜ் போச்சுன்னு சிஸ்டம்ல காட்டுது. இவருக்கு வரவே இல்லைங்கிறாரே?" எடுத்துப் பார்த்தால், மெசேஜ் வராத எல்லாருக்கும் ஒரு பொதுவான விஷயம் இருந்தது. எல்லாருமே ஒரே நம்பர் கொடுத்தவர்கள். மகன் நம்பர், மருமகள் நம்பர் என்று கொடுக்க ஆள் இருந்தவர்களுக்குப் போயிருக்கு. தனியாக வந்து போகிறவர்களுக்குப் போகவில்லை.

இப்போ கேள்விக்கு வருவோம். டைப் எழுதியிருந்தேனே, யார் பார்த்திருக்கணும்?

பைத்தானில் ஃபங்ஷனுக்குப் பக்கத்தில் டைப் எழுதுகிறோம் இல்லையா, அந்த அனோட்டேஷன் வசதி வந்தது பைத்தான் 3.0 உடன், 2008ல். அப்போ அதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. என்ன வேணும்னாலும் எழுது, நான் எடுத்து வச்சுக்கிறேன், அவ்வளவுதான் பைத்தான் சொன்னது. டைப் என்ற அர்த்தம் அதிகாரபூர்வமா வந்தது பெப் 484 மூலம், 2015ல் வந்த பைத்தான் 3.5ல். அந்த ஆவணத்திலேயே தெளிவா இருக்கு: பைத்தான் டைனமிக் மொழியாகவே இருக்கும், டைப் எழுதுவதைக் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை. அதனால் இன்றைக்கும் இன்ட் என்று எழுதிய இடத்தில் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால், இன்டர்ப்ரெட்டர் ஒரு வார்த்தை பேசாது. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. இருக்கு, ஆனா தலையில் இல்லை.

பார்க்கிற வேலை வெளியில் உள்ள லைப்ரரிகளுடையது. என் அனுபவத்தில் பெரிய குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லா லைப்ரரியும் "டைப்" என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு கேள்வி கேட்கும்.

முதலில் மைபை. ஜூக்கா லெஹ்டோசலோ என்பவர் கேம்பிரிட்ஜில் பிஎச்டி செய்யும்போது ஆரம்பித்தது. முதலில் அது பைத்தானுக்கான கருவியே இல்லை, பைத்தான் மாதிரியான தனி மொழி. 2013 பைகானில் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் அவரிடம் பேசி, பைத்தானின் இலக்கணத்துக்கு உள்ளேயே இதைச் செய்யச் சொன்னார். அப்புறம் ரெண்டு பேருமே டிராப்பாக்ஸில் இருந்தார்கள். 2019ல் அந்த நிறுவனம் தன்னுடைய 40 லட்சம் வரி பைத்தான் கோடை மைபை சரிபார்ப்பதாக எழுதியது. மைபை கோடை ஓட்டாது. படித்து மட்டும் பார்க்கும். ஓடத் தொடங்கியதும் அதன் வேலை முடிந்தது.

அப்போ என் தப்பை ஏன் பிடிக்கவில்லை? ரெண்டு காரணம். முதல் காரணம், ஜேசானைப் படிக்கும் ஃபங்ஷன் திருப்பிக் கொடுக்கும் டைப் "எனி". எனி என்றால் மைபைக்கு, "இதைப் பத்திக் கேக்காதே" என்று அர்த்தம். எனி எதனோடும் பொருந்தும். வெளியில் இருந்து வரும் டேட்டா எல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும்.

ரெண்டாவது காரணம்தான் சுவாரஸ்யமானது. ஒரு பேச்சுக்கு அந்த எனி இல்லை, தெளிவாகவே அது ஸ்ட்ரிங் என்று மைபைக்குத் தெரியும் என்று வச்சுக்குவோம். அப்பவும் பிடித்திருக்காது! ஏன்னா பைத்தானில் ஸ்ட்ரிங் என்பதே ஸ்ட்ரிங்குகளின் இட்டரபிள்தான். சி, ஜாவாவில் எல்லாம் ஒற்றை எழுத்துக்கு கேர் என்று தனி டைப் உண்டு. பைத்தானில் கிடையாது. ஸ்ட்ரிங்கில் இருந்து ஒரு எழுத்தை எடுத்தால் அதுவும் ஸ்ட்ரிங். அதில் இருந்து முதல் எழுத்தை எடுத்தால் திரும்ப அதே ஸ்ட்ரிங். வெங்காயம் உரிக்கிற மாதிரின்னு சொல்லலாம், ஆனா வெங்காயமாவது ஒரு இடத்தில் முடியும். ஆக, நான் கேட்டது இட்டரபிள் ஆஃப் ஸ்ட்ரிங், வந்ததும் சட்டப்படி அதுவேதான். மைபை பொய் சொல்லவில்லை. நான்தான் அளவுக்கு மீறித் தாராளமாகக் கேட்டிருக்கிறேன். கூகுள் வெளியிட்ட பைடைப் என்ற செக்கர் மட்டும் இதை வேணும்னே மீறும். இட்டரபிள் ஆஃப் ஸ்ட்ரிங் கேட்ட இடத்தில் வெறும் ஸ்ட்ரிங்கை ஏற்காது. கோட்பாட்டுப்படி அது சரியில்லை என்று வாதாடலாம். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு சின்ன கிளைக்கதை. நம்பருக்குப் பதில் தமிழ்ப் பெயர்கள் இருந்திருந்தால் நான் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். "தமிழ்" என்ற ஸ்ட்ரிங்கை லூப்பில் போட்டால் மூணு எழுத்து வராது, அஞ்சு துண்டு வரும். பைத்தான் யூனிகோட் குறியீடுகளைத்தான் எண்ணும். மி என்பது மகரமாகவும் இகரக் குறியாகவும் பிரியும், ழ் என்பது ழகரமாகவும் புள்ளியாகவும் பிரியும். திரையில் தனியா ஒரு புள்ளி வந்து நின்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது. இலக்கம்னா அப்படித் துருத்திக்கிட்டு நிக்காது.

சரி, ரெண்டாவது வகை. வாசலில் நின்று பார்க்கிற லைப்ரரி. பைடான்டிக். சாமுவேல் கால்வின் 2017ல் தொடங்கியது. ஃபாஸ்ட்ஏபிஐ பயன்படுத்துகிறவர்கள் தினமும் இதைத் தொடுகிறீர்கள். அதே அனோட்டேஷன்தான், ஆனால் இங்கே ஓடும்போது, டேட்டா உள்ளே நுழையும் நேரத்தில் பார்க்கிறது. லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரிங் என்று எழுதிய இடத்தில் வெறும் ஸ்ட்ரிங் வந்தால் பிழை காட்டும். சீக்வென்ஸ் ஆஃப் ஸ்ட்ரிங் என்று கொஞ்சம் தளர்வாக எழுதினால்கூட, வெறும் ஸ்ட்ரிங்கைத் தனியாகக் குறிப்பிட்டு மறுக்கும். நான் விழுந்த அதே குழியில் எத்தனை பேர் விழுந்திருந்தால் இதுக்குன்னு ஒரு தனிப் பிழைச் செய்தி வச்சிருப்பாங்க, யோசிங்க.

ஆனால் பைடான்டிக் வெறும் காவலாளி இல்லை. மாற்றியும் கொடுக்கும். இன்ட் கேட்ட இடத்தில் "10" என்ற ஸ்ட்ரிங் வந்தால் சத்தமில்லாமல் 10 ஆக்கிவிடும். ஸ்ட்ரிக்ட் மோடு போட்டால்தான் மறுக்கும். எதிர்த் திசையில், ஸ்ட்ரிங் கேட்ட இடத்தில் எண் வந்தால் முதல் பதிப்பு மாற்றிக்கொண்டது. 2023ல் வந்த ரெண்டாம் பதிப்பு பிழை என்கிறது. ஃபோன் நம்பரை இன்ட்டாகச் சேமித்து முன்னால் இருந்த பூஜ்ஜியத்தைத் தொலைத்தவர்களுக்கு இது ஏன் நல்லதுன்னு சொல்லவே வேண்டாம்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு கூட்டம் உண்டு. பேர்டைப், டைப்கார்ட். ஃபங்ஷனுக்கு மேலே ஒரு டெக்கரேட்டர் போட்டால், ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஆர்கியுமென்டின் டைப்பைப் பார்க்கும். இதில் பேர்டைப் ஒரு தந்திரம் செய்கிறது. பத்து லட்சம் உறுப்புள்ள லிஸ்டைக் கொடுத்தால் எல்லாத்தையும் பார்க்காது, ஏதோ ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பார்க்கும். அதனால்தான் அவ்வளவு வேகம். சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு சொல்ற அதே நம்பிக்கை. பானையில் ஒரே ஒரு கல் இருந்தால் மாட்டாமலும் போகலாம், அதைத் தெரிஞ்சே பயன்படுத்தணும். என் பிரச்சினைக்கு இவை உதவியிருக்காது. நான் எழுதிய டைப்பின்படி வந்தது சரிதானே.

தப்பைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி நான் போட்ட திருத்தம் ஒரே வரி. வந்தது ஸ்ட்ரிங்கா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துக் கேள், ஆமான்னா அதை ஒரு லிஸ்டுக்குள் போடு. எல்லாரும் செய்வதுதான். ஆறு மாசம் கழிச்சு அந்த ஃபங்ஷனைத் திறந்தால், ஸ்ட்ரிங் வந்தால் இப்படி, லிஸ்ட் வந்தால் அப்படி, நோயாளி ஆப்ஜெக்ட் வந்தால் அவருடைய நம்பர்களை எடு, டிக்ஷனரி வந்தால், ஒண்ணுமே வராவிட்டால் என்று இஃப்களின் ஏணி. பாலிமார்ஃபிசம் என்பதை இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்திருப்போம்: ஒரே பெயர், வரும் டைப்பைப் பொறுத்து வேறு நடத்தை. நான் எழுதி வைத்திருந்த ஏணியும் பாலிமார்ஃபிசம்தான், கையால் கட்டியது.

இதைச் சுத்தமாகச் செய்ய பைத்தானுக்குள்ளேயே சிங்கிள்டிஸ்பேட்ச் இருக்கு. வூகாஷ் லாங்கா எழுதிய பெப் 443, 2014ல் வந்த பைத்தான் 3.4 முதல். பொதுவான ஃபங்ஷன் ஒன்று எழுதி, "ஸ்ட்ரிங் வந்தால் இது, லிஸ்ட் வந்தால் இது" என்று தனித்தனியாகப் பதிவு செய்யலாம். பதிவை வேறு ஃபைலில் இருந்துகூடச் செய்யலாம். அதுதான் அருமை. பில்லிங் டீம் தங்களுடைய புது கிளாஸுக்கு என் ஃபங்ஷனைப் பழக்க, என் ஃபைலைத் தொடவே வேண்டியதில்லை. அந்த கிளாஸ் அவர்களுடையதாகக்கூட இருக்க வேண்டியதில்லை, யாரோ எழுதிய லைப்ரரியில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் சிங்கிள்டிஸ்பேட்ச் பார்க்கும் "டைப்", மைபை பார்க்கும் "டைப்" இல்லை. இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடே. மைபையிடம் ஃப்ளோட் கேட்கும் ஃபங்ஷனுக்கு 5 என்ற முழு எண்ணைக் கொடுங்கள், சரி என்று விட்டுவிடும். அப்படி ஒரு சலுகை விதியிலேயே இருக்கு. அதே 5ஐ, ஃப்ளோட்டுக்கு மட்டும் பதிவு செய்த சிங்கிள்டிஸ்பேட்சுக்குக் கொடுங்கள். ஃப்ளோட் பக்கம் போகாது, பொது ஃபங்ஷனுக்குப் போய்விடும். ஏன்னா ஓடும்போது இன்ட் என்பது ஃப்ளோட்டின் வாரிசு இல்லை. இன்னொரு பக்கம், இன்ட்டுக்குப் பதிவு செய்தால் ட்ரூவும் ஃபால்ஸும் அங்கேதான் போகும், ஏன்னா பூல் இன்ட்டின் வாரிசு. 2003ல் பைத்தான் 2.3ல் எடுத்த முடிவு, இன்னைக்கும் நம்ம சம்பளக் கணக்கில் ட்ரூ ஒரு ரூபாயாகச் சேரும். அதுபோக, லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரிங் என்று பதிவு செய்யவே முடியாது, "இது கிளாஸ் இல்லை" என்று பிழை வரும். பெட்டிக்கு வெளியே ஒட்டிய பெயரை மட்டும் பார்க்கும், உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்க்காது. அதோடு முதல் ஆர்கியுமென்டை மட்டும்தான் பார்க்கும், பெயரிலேயே சிங்கிள் இருக்கே.

ரெண்டு ஆர்கியுமென்டையும் பார்த்து முடிவெடுக்கணும்னா? அதுதான் மல்டிபிள் டிஸ்பேட்ச். காமன் லிஸ்ப்பில் பழைய விஷயம், ஜூலியா மொழி முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. பைத்தானில் கூட்டல் குறியே இதைக் கையால் செய்கிறது. இடது பக்க ஆப்ஜெக்டைக் கேட்கும், அது "எனக்குத் தெரியாது" என்றால் வலது பக்க ஆப்ஜெக்டைக் கேட்கும். 2005லேயே கைடோ, அஞ்சு நிமிஷத்தில் மல்டிமெத்தட் எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். 2007ல் மொழிக்குள்ளேயே கொண்டுவர பெப் 3124 முன்மொழிவு வந்து, தள்ளி வைக்கப்பட்டது. அதனால் வெளியில் லைப்ரரிகள் வளர்ந்தன. மேத்யூ ராக்லினின் மல்டிபிள்டிஸ்பேட்ச் ஒன்று, வெஸ்ஸல் ப்ரூயின்ஸ்மாவின் ப்ளம் இன்னொன்று. ப்ளம்மில் ஒரே பெயரில் ஃபங்ஷன்களை அடுத்தடுத்து எழுதினால் போதும், அனோட்டேஷனைப் படித்து அதுவே பிரித்துக்கொள்ளும். அழகா இருக்கும். ஆனா ஒண்ணு, "இன்ட், எது வேணும்னாலும்" என்று ஒரு வடிவமும் "எது வேணும்னாலும், இன்ட்" என்று இன்னொரு வடிவமும் எழுதிவிட்டு ரெண்டு இன்ட் கொடுத்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். அது சரியான நடத்தைதான், ஊகிப்பதைவிட நிற்பது மேல். மைபைக்கோ இந்த ஒரே பெயர் விஷயம் பிடிக்காது, ஏற்கனவே இந்தப் பெயர் இருக்கே என்று கத்தும். சமாதானம் செய்ய ப்ளம் தனி வழி வைத்திருக்கிறது. அணி, வெக்டர் என்று கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தங்கம். எஸ்எம்எஸ் அனுப்புகிற எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் புரோட்டோகால். பைத்தான் 3.8, 2019. உன் கிளாஸ் என்ன என்று கேட்காதே, உன்னிடம் என்ன மெத்தட் இருக்கு என்று கேள். வாத்து மாதிரி நடந்தால் வாத்து என்ற பழைய பைத்தான் பழக்கத்தை மைபைக்குப் புரியும் மொழியில் எழுதியது. ஓடும்போதும் சோதிக்கலாம்தான், ஆனால் அப்போது மெத்தட்டின் பெயர் இருக்கா என்று மட்டும் பார்க்கும், அது என்ன வாங்கும் என்ன கொடுக்கும் என்று பார்க்காது.

கடைசியில் அந்தக் கோடை எப்படிச் சரி செய்தேன்? ஏணியை எடுத்துவிட்டேன். வாசலில் பைடான்டிக். ஒற்றை ஸ்ட்ரிங் வந்தால் அங்கேயே, ஒரே இடத்தில், லிஸ்டாக்கிவிடும். பத்து இலக்கம் இல்லாததை உள்ளேயே விடாது. உள்ளே வந்த பிறகு எல்லாம் லிஸ்ட்தான், யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. இதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் டீமில் சீனியர் அக்கா ஒருத்தர் ரிவ்யூவில் ஒரு கேள்வி கேட்டார்: "ஃபோன் நம்பர் ஏன்டா ஸ்ட்ரிங்?"

நியூடைப் என்று டைப்பிங் மாட்யூலில் ஒன்று உண்டு. ஃபோன் நம்பர் என்று ஒரு புதுப் பெயர் வைத்து, இது ஸ்ட்ரிங்கில் இருந்து பிறந்தது என்று சொல்லலாம். ஓடும்போது அது வெறும் ஸ்ட்ரிங்தான், கிட்டத்தட்ட செலவே இல்லை. மைபைக்கு மட்டும் அது வேறு. இப்போ என் பழைய ஃபங்ஷன் கேட்பது இட்டரபிள் ஆஃப் ஃபோன் நம்பர். ஒற்றை ஃபோன் நம்பரை யாராவது கொடுத்தால்? அதை லூப்பில் போட்டால் வருவது ஸ்ட்ரிங், ஃபோன் நம்பர் இல்லை. பொருந்தாது. மைபை பிடித்துவிடும். தாராளமாக வாங்கிய அதே இட்டரபிளை விட்டுக்கொடுக்காமலே, அந்த ஓட்டை அடைபட்டது.

அந்த மாற்றத்தைப் போட்டு மைபையை ஓட்டினேன். இன்னும் மூணு இடத்தில் பிழை காட்டியது. அதில் ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லும் நினைவூட்டல். அதுவும் அத்தனை மாசமா ஒரே நம்பர் கொடுத்தவர்களுக்குப் போகவே இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் நானும் சிஸ்டரும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்காக ஃபோன் போட்டோம்.